அரிய மசில் காரின் பூர்வீகத்தை அறிய ஒரு குறிப்பு

1970-ஆம் ஆண்டு பிளைமவுத் ஹெமி குடா போன்ற அரிய அமெரிக்க மசில் காரை (மிகுந்த சக்தியுள்ள எஞ்சின் பொருத்திய வேகக் காரை) ஆராய்பவர்கள், விற்பவர் சொல்லும் கதைக்குக் காது கொடுப்பதற்கு முன், டாஷ்போர்டில் ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடி வழியே தெரியும் அடையாள எண்ணைப் படித்துவிட வேண்டும். அது ‘பிஎஸ்23ஆர்0பி’ எனத் தொடங்கினால், ஐந்தாம் இடத்து ‘ஆர்’ 426 கன அங்குல ஹெமி (அரைக்கோள வடிவ எரியறை கொண்ட) எஞ்சினையும், பூஜ்யம் 1970-ஐயும், கடைசி ‘பி’ மிச்சிகனின் ஹாம்ட்ராம்க் ஆலையையும் குறிக்கும்.

அந்த அடையாள எண்ணில் பூஜ்யத்தில் தொடங்கும் பிற்பகுதி எஞ்சின் பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பொருந்தாவிட்டால், அந்தப் பாகம் பின்னாளில் மாற்றப்பட்டதாகவே கொள்ளலாம். எஞ்சின் அறையிலுள்ள, காரின் விவரங்களைக் குறியீடுகளாகத் தாங்கிய ஃபெண்டர் தகட்டைப் போலியாக அச்சடிப்பது எளிது என்பதால், அதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்டுவது விவேகமன்று. அதைவிட, காரில் எந்தெந்தப் பாகங்களைப் பொருத்த வேண்டும் என்பதை அறிய ஆலைத் தொழிலாளர்கள் பயன்படுத்திய உற்பத்தித் தாள் பின்னிருக்கையின் சுருள்கம்பிகளுக்கிடையே, பழுப்பேறி எலி கடித்த நிலையிலேனும், சிக்கியிருக்கிறதா எனப் பார்ப்பது மேல். ஆனால் அதிலுள்ள எண்ணும் இதே காருடையதா என்பதை ஒப்பிட வேண்டும், ஏனெனில் வேறொரு காரின் தாள் அங்கே கிடப்பதும் உண்டு.

ஃபோர்டு கார்களுக்கு, 1967 முதலான உற்பத்திப் பதிவுகளிலிருந்து தயாரிக்கப்படும், கார் ஆலையில் எப்படி உருவானது எனக் காட்டும் மார்ட்டி அறிக்கையைக் கட்டணம் செலுத்திப் பெறலாம்.