ராமநாதபுரத்தில் உட்கார்ந்தபடியே சிறுகோள் தேடுவது எப்படி?

வாலிநோக்கம் பக்கம் அமாவாசை இருட்டில் வானத்தில் நட்சத்திரங்களை அள்ளிக் கொட்டினாற்போல இருக்கும், ஆனால் புதுச் சிறுகோள் (சூரியனைச் சுற்றும் சின்னப் பாறை) தேட அது உதவாது. 1861இல் நார்மன் போக்சன் என்ற வானியலாளர் மெட்ராஸ் வானாய்வகத்துத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தே 'ஆசியா' என்ற சிறுகோளைப் பிடித்தார். அந்தக் காலம் போய்விட்டது, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இன்னும் மாட்டாமல் சுற்றுபவை எல்லாம் மிக மங்கலானவை.

ஒரு விண்டோஸ் லேப்டாப்பும் நெட்டும் போதும். ஐஏஎஸ்சி (International Astronomical Search Collaboration) என்றொரு சர்வதேச அமைப்பு இருக்கிறது, பள்ளி, கல்லூரிக் குழுக்களைக் காசில்லாமல் சேர்த்துக்கொள்கிறது. ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை அனுப்புவார்கள், அதனால் ஐப்பசி மழை இங்கே கொட்டினாலும் வேலை நிற்காது.

வானத்தின் ஒரே துண்டை சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள் வரும். அவற்றை அஸ்ட்ரோமெட்ரிகா மென்பொருளில் போட்டு மாற்றி மாற்றி ஓடவிடுங்கள். நங்கூரம் போட்ட படகுகளின் விளக்குகளுக்கு நடுவில் ஒரு வள்ளம் மட்டும் மெல்ல நகர்வதுபோல ஒரு புள்ளி நகரும். உடனே குதிக்காதீர்கள். நான்கிலும் இருக்கிறதா, நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போகிறதா, வெளிச்சம் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கிறதா, ஏற்கெனவே பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். சில சமயம் அது வெறும் கேமராவின் கெட்ட பிக்சலாகவும் இருக்கும். தேறினால் அறிக்கை அனுப்புங்கள்.

வேறொரு இரவிலும் அது தென்பட்டால் சிறுகோள்களின் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சர்வதேச மையமான மைனர் பிளானட் சென்டர் தற்காலிகக் குறியீடு தரும். 1988 பிப்ரவரி 17இல் காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கிடைத்தது '1988 டிக்யூ1'. முதலில் ஆண்டு, 'டி' என்றால் பிப்ரவரியின் பின்பாதி, மீதி அந்தப் பாதியில் எத்தனையாவது என்பதற்கு. சுற்றுப்பாதை உறுதியானதும் 4130 என்ற எண் வந்தது, அப்புறம்தான் 'ராமானுஜன்' ஆனது. இந்த எண்ணுக்குத்தான் பல வருஷம் காத்திருக்க வேண்டும், பலர் இங்கேதான் சலித்துப்போகிறார்கள்.

எண் வந்தபின் பெயர் சொல்லக் கண்டுபிடித்தவருக்கு 10 ஆண்டு அவகாசம். ஆங்கில எழுத்தில் 16க்குள், முடிந்தால் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். ராமநாதபுரம் 14, தாராளமாக அடங்கும். உத்தரகோசமங்கையை 'Uthirakosamangai' என்று எழுதினால் சரியாக 16, முன்னால் 'திரு' போட்டால் போச்சு. அரசியல், ராணுவத்தால் பெயர் பெற்றவர் என்றால் மறைந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி 1903இல் மறைந்தவர், தடையில்லை, ஆனால் முழுப்பெயர் 18 எழுத்து, 'சேதுபதி' மட்டும் வைக்கலாம். கடைப்பெயர், கம்பெனிப் பெயர் கூடவே கூடாது. ஏன் இந்தப் பெயர் என்று ஆங்கிலத்தில் சில வரிகளும் சேர்த்து அனுப்ப வேண்டும், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயரிடும் குழு பார்த்து ஒப்புக்கொண்டால் அவர்களுடைய இதழில் வெளியாகும்.