பழவேற்காட்டுப் பக்கம் ஹோம்ஸ்டே தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூரில் குடியிருந்துகொண்டு பொன்னேரி, பழவேற்காட்டில் பூர்வீக இடம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அங்கே ஊர் பார்க்க வருகிறவர்களை வீட்டில் தங்கவைக்கும் ஹோம்ஸ்டே என்று புதிதாகப் போர்டு மாட்டுகிறவர்கள் ஒரே குழியில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். பெட்ஷீட் சுத்தமாக இருக்க வேண்டும், போனை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது வேறு.

ஆள் வருவதற்கு முன்னால் அறை கட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

15 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 7 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறத்தாழ 25,700 ரூபாய். நாலு அறை, ஒரு இரவுக்கு 2,000 ரூபாய் வாடகை. காலை டிபன், சலவை, கரண்ட், துப்புரவு எல்லாம் சேர்த்து அறைக்கு 700 போனால் கையில் நிற்பது 1,300. வார நாளில் அங்கே தங்க வருகிறவர்கள் குறைவு, சனிக்கிழமை இரவுதான் கணக்கு. மாதத்தில் நாலு சனிக்கிழமையும் நாலு அறையும் நிரம்பினால்கூட 20,800தான். தவணைக்கே 4,900 துண்டு விழுகிறது. ஆன்லைன் புக்கிங் தளத்துக்கு 18 சதவீதக் கமிஷன் கொடுத்தால் கையில் நிற்பது 15,040. வீட்டுப் பெண்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பார்க்கும் வேலைக்கு இதில் ஒரு பைசா சேர்க்கவில்லை.

காரணம் எளிது. பழவேற்காடு சென்னையிலிருந்து 60 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. காலையில் கிளம்பி வருகிறவர் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார். அவருக்குத் தேவை கட்டில் இல்லை. சுத்தமான கழிப்பறை, நிழல், மதியச் சாப்பாடு, கூட வந்து காட்ட ஒரு ஆள். ஆகவே முதலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக இரண்டு கழிப்பறை, திண்ணைக்கு ஓலைப்பந்தல், பத்துப் பேர் உட்காரும் இடம். இவ்வளவு போதும். தலைக்கு 800 வாங்கிப் பத்துப் பேரைக் காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை அழைத்துப் போங்கள். சாப்பாட்டுக்கு 3,000, வழிகாட்டிக்கு 1,000, ஆட்டோவுக்கு 1,000 போனாலும் 3,000 நிற்கும். கடன் இல்லை. மீன் ஏலம், 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடம், வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறை, இந்த மூன்றுக்கே அரை நாள் ஓடிவிடும்.

தங்க வேண்டும் என்பவருக்கு இருக்கிற வீட்டிலேயே ஒரு அறையை ஒழித்துக் கொடுங்கள். இடமில்லை என்று திருப்பி அனுப்பியவர்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து, அதுவும் வார நாட்களிலும், பெயர்கள் சேர்ந்தால் இரண்டாவது அறையைப் பற்றி யோசிக்கலாம்.

அப்போதும் உப்புக்காற்றை மறக்கக்கூடாது. இரும்பு கிரில் வெல்டிங் பிடித்த இடத்தில்தான் முதலில் துரு கிளம்பும், பெயின்ட் அதற்கு மேல் கொப்பளிக்கும். யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல் போடுங்கள். ஏசியின் வெளி யூனிட்டை மாதம் இரண்டு முறை நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால், தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து கேஸ் கசியும். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறிவிட்டது ஊரறிந்தது. அதனால் போர்வெல் போடுவதற்கு முன் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். உப்புத் தண்ணீரில் ஹீட்டர் காயில் சீக்கிரம் போய்விடும், குளித்தவர் தலை பிசுபிசுக்கும்.

பூநாரை (ஃபிளமிங்கோ) வரும் என்று உத்தரவாதம் தருவது

நவம்பரில் பெரிய லென்ஸ் கேமராவோடு வந்து நிற்கிறவரிடம் "நாளைக்கு வரும் சார்" என்று சொல்வது ஏமாற்று. பூநாரை ஆழமில்லாத தண்ணீரில்தான் மேயும். வடகிழக்குப் பருவமழையில் பழவேற்காடு ஏரி நிறைந்திருக்கும்போது கரையோரத்தில் கூட்டமாக எதிர்பார்க்க முடியாது. தண்ணீர் வடிந்தபின், ஜனவரி, பிப்ரவரிதான் பத்திரமான மாதங்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் இங்கே இருப்பதைவிட நன்றாகத் தெரியும் என்றால் அதையும் சொல்லி அனுப்புங்கள். உண்மையைச் சொன்ன வீட்டுக்குத்தான் அடுத்த வருஷம் நண்பர்களோடு வருவார்.

படகு

அனுமதியும் உயிர்காப்பு அங்கியும் இல்லாமல் யாரையும் ஏற்றக்கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் 22 பேர் இறந்தார்கள்.

பன்னீர் பட்டர் மசாலா

வேண்டாம். மடவை, இறால், நண்டு தேடித்தான் வருகிறார்கள். எத்தனை பேர், என்ன மீன் என்பதை முதல் நாள் ராத்திரியே கேட்டு வைத்தால்தான் காலை ஏலத்தில் அளவாக எடுக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். கடல் மீன் விலை ஏறும். மெனுவில் விலையை அச்சடித்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஊரைக் கேட்காமல் ஆள் கூட்டி வருவது

ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை வைப்பது என்பதற்குப் பாடு முறை இருக்கிறது. அது அவர்கள் சோறு. வலை போட்ட இடத்தருகே செல்ஃபி எடுக்க ஆட்களை இறக்கிவிட்டால் கூச்சலோடு நிற்காது. தொடங்கும் முன்பே ஊர்ப் பெரியவர்களிடம் போய் எந்த நேரம், எந்தக் கரை, எத்தனை பேர் என்று பேசி முடியுங்கள். வழிகாட்டி, ஆட்டோ, மீன் எல்லாம் அந்த ஊரிலேயே எடுங்கள். சாமானைச் சென்னை மூலக்கடையிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போகிற வீட்டுக்கு, ராத்திரி பம்ப் செட் பழுதானால் வந்து பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

பதிவுகள்

சமைத்துப் போடுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு கட்டாயம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் விவரம் கொடுக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், பாஸ்போர்ட், விசா நகலை அவர் பையை இறக்கும்போதே வாங்கிவிடுங்கள்.