வேலை அழுத்தம்: தோட்டப் பட்டணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஒருவர் வேலையால் மனம் சோர்ந்துவிட்டதாகச் சொன்னால், "உங்கள் அப்பா பால் மரம் (ரப்பர்) வெட்டிப் படாத கஷ்டமா?" என்ற கேள்விதான் முதலில் வரும். தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. உடலுழைப்பின் கடுமை வேறு, வேலை அழுத்தம் வேறு. வேலையின் நெருக்கடி மிகுந்து, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்திருக்கும் இடத்தில்தான் அழுத்தம் முற்றுகிறது என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் விளக்கினார்.

எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டத்தில் வெட்டாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் நிலை இதற்குப் பொருந்தும். வெட்டிய குலை தாமதமாக ஆலைக்குப் போனால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் கெடும் என்பதால், மழையில் பாதை சேறாகி லாரி சிக்கினாலும் மேலிடத்தின் அவசரம் குறைவதில்லை. மேனேஜரும் கேட்பார், வெட்டாட்களும் முணுமுணுப்பார்கள். மழையையோ லாரியையோ மாற்ற மண்டோரால் முடியாது. அவரை ஒரு நாள் தன்முனைப்பு (மோட்டிவேஷன்) முகாமுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் அதே நெருக்கடியில் நிறுத்துவது நிர்வாகங்கள் செய்யும் பெரிய தவறு. கூடுதலாக ஒரு லாரி கிடைத்தால் தீரக்கூடிய சிக்கலுக்கு மூச்சுப் பயிற்சி எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊழியர்கள் பக்கமும் தவறுகள் உண்டு. தூக்கம் கெட்டுக் கிளினிக்குக்குப் போகிறவர், தலைவலி என்று மட்டும் சொல்லி எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கித் திரும்புகிறார். உண்மையான காரணம் டாக்டருக்குத் தெரியாததால், அடுத்த மாதமும் அதே தலைவலியோடு அங்கே போய் நிற்கிறார். வேலைக் கவலையையும் தூக்கமின்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால், சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

வேலை நேரத்தைக் குறித்து வைக்காமல் இருப்பது மற்றொரு தவறு. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வாரத்துக்கு 45 மணி நேரமே சட்டம் அனுமதிக்கும் வழக்கமான வேலை நேரம். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட் வரை உள்ளவர்கள் சாதாரண நாளில் செய்யும் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் தர வேண்டும். குறிப்பில்லாமல் தொழிலாளர் இலாகாவுக்குப் போனால் முறையீட்டை நிரூபிப்பது சிரமம்.

கோபத்தில் அன்றே வேலையை விட்டுவிடுவதும் கையைக் கடிக்கும். ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் குறிக்கப்படாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரமும், ஐந்து ஆண்டுகளுக்குள் இருப்பவர் 6 வாரமும், அதற்கு மேற்பட்டவர் 8 வாரமும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் காலத்துக்குரிய சம்பளத்தை முதலாளிக்குக் கட்ட நேரிடும்.