தனிப் பயணத்தில் உங்களை நீங்களே நல்ல படமாக எடுப்பது

தனியாக ஊர் சுற்றுபவர்களிடம் போன இடங்களின் படங்கள் நிறைய இருக்கும். அந்த இடத்தில் தாங்கள் நின்ற படம் அநேகமாக இருக்காது. இருந்தாலும் அது கையை நீட்டி எடுத்த செல்ஃபியாக இருக்கும். முகமே பாதி இடத்தை அடைத்துக்கொள்ள, கோயிலோ கடலோ தோளுக்குப் பின்னால் ஒரு துண்டாகத் தெரியும். அதோடு, கைபேசியின் அகலமான லென்ஸுக்கு மிக அருகில் வரும் மூக்கும் நெற்றியும் உள்ளதைவிடப் பெரிதாக விழுகின்றன. கைபேசியைக் கையிலிருந்து இறக்கி எட்டு, பத்து அடி தள்ளி வைப்பதுதான் இதற்கு மாற்று. அப்படி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, முதலில் ஆளில்லாத படத்தை எடுத்துப் பார்ப்பது. தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். ராஜராஜன் திருவாயிலைக் கடந்து உள்ளே வந்ததும் எல்லோரும் நந்தி மண்டபத்துக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொள்வார்கள். நீங்கள் அவசரப்படாமல் பிராகாரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கருவறைக்கு மேல் எழும் ஏறக்குறைய 216 அடி உயரக் கோபுரமான விமானம் எந்த இடத்திலிருந்து பார்த்தால் அடி முதல் கலசம் வரை முழுதாகத் தெரிகிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, கூட்டம் எங்கே குறைவு என்று கவனியுங்கள். பிறகு வெறும் இடத்தைப் படமெடுத்துப் பாருங்கள். அந்தப் படமே நன்றாக இருந்தால் அதில் உங்களுக்கான இடம் எது என்பது தானாகத் தெரியும்; அதுவே சரியில்லை என்றால் நீங்கள் வந்து நிற்பதால் அது சரியாகிவிடாது.

உயரமான கட்டடத்தோடு படமெடுக்கும்போது பலரும் கட்டடத்தின் காலடியிலேயே போய் நின்றுகொள்கிறார்கள். அங்கே நின்றால் ஆள் எறும்பாகிவிடுவார் அல்லது விமானத்தின் தலை வெட்டுப்படும். கட்டடத்தை விட்டு விலகி, கைபேசிக்கு அருகே வந்து நில்லுங்கள். நீங்களும் தெளிவாகத் தெரிவீர்கள், விமானமும் முழுதாக வரும். கைபேசியை இடுப்பு உயரத்துக்கோ அதற்கும் கீழாகவோ வைத்தால் உருவம் நிமிர்ந்து தெரியும். 0.5 என்று காட்டும் அகல லென்ஸைத் தவிர்க்க முடியாத இடங்களில் ஆள் படத்தின் ஓரத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த லென்ஸில் ஓரத்தில் நிற்பவரின் உடல் பக்கவாட்டில் இழுபட்டுவிடும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. காலை வெயில் அதன் முன்பக்கத்தில் விழும், மாலை வெயில் பின்பக்கத்தைப் பொன்னிறமாக்கும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், விடியற்காலையில் கரைப்பக்கமிருந்து எடுத்தால் கோயிலும் நீங்களும் கரிய நிழலுருவாகத்தான் விழுவீர்கள். அதையே விரும்பினால் நல்லது. முகம் தெரிய வேண்டுமானால் பிற்பகல் நாலு மணிக்கு மேல் போங்கள். உச்சிவெயில் நம் ஊரில் இரக்கமில்லாதது. ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களின் பிற்பாதியில் தஞ்சையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால் கண்குழிகளில் நிழல் கட்டிவிடும். தரைக்கல் வேறு காலைச் சுடும். அந்த நேரத்தில் பிராகாரத்தின் ஓரமாக ஓடும் தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகைக்குள் வந்துவிடுங்கள். தூண்களின் நிழல் முடிந்து வெளிச்சம் தொடங்கும் விளிம்பில், நிழலுக்குள் ஓரடி தள்ளி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி நின்றால் முகத்தில் மென்மையான ஒளி பரவும்.

இனி கைபேசியை எதில் நிறுத்துவது? சிறிய மடக்கு ட்ரைபாடும் ப்ளூடூத் ரிமோட்டும் பைக்குள் இருப்பது நல்லது. ஆனால் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள நினைவிடங்களில் ட்ரைபாட் பயன்படுத்த முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாதபோது தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைக்கலாம். சிற்பங்களிலோ பழைய சுவரின் விளிம்புகளிலோ வைக்கக் கூடாது. தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் முன்னால் மணலில் ட்ரைபாடை ஊன்றிவிட்டுப் பத்தடிகூட நான் நடந்திருக்க மாட்டேன், காற்று அதைக் குப்புறத் தள்ளிவிட்டது. லென்ஸைச் சுற்றியிருந்த விளிம்பில் புகுந்த மணலை அன்றிரவு அறையில் தூரிகையால் ஒவ்வொரு துகளாக எடுத்தேன். அதிலிருந்து கடற்கரைக்குப் போனால் ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி ட்ரைபாடின் நடுத்தண்டில் கட்டித் தொங்கவிடுகிறேன். பிறகு அது சாய்ந்ததில்லை.

டைமரைப் பத்து நொடிக்கு வைத்துவிட்டு ஓடிப்போய் நின்றால் மூச்சிரைப்பு முகத்தில் தெரிந்துவிடும். அதைவிட வீடியோவை ஓடவிட்டு, நிற்க வேண்டிய இடத்துக்கு நிதானமாகப் போய், நடந்து, திரும்பி, தூணைப் பார்த்து, ஒரு நிமிடம் அங்கேயே இருந்துவிட்டு வருவது எனக்குப் பிடித்த முறை. 4கே வீடியோவின் ஒரு காட்சித்துண்டில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் இருப்பதால், அதிலிருந்து பிரித்தெடுக்கும் படம் சாதாரண அளவில் அச்சிடவும் போதும். வெளிச்சம் குறைந்த இடத்தில் மட்டும் மெதுவாக அசையுங்கள், இல்லையென்றால் உருவம் கலங்கிவிடும். நிற்க வேண்டிய இடத்தை ஒரு கல்லாலோ காய்ந்த இலையாலோ முன்கூட்டியே குறித்துக்கொண்டால் கூர்மை தவறாது. உடை ஒரே நிறத்தில், கல்லின் பழுப்பிலிருந்து விலகியதாக இருக்கட்டும்; மயில் நீலமும் அரக்குச் சிவப்பும் அந்தச் சுவர்களின் முன் அழகாக எடுபடுகின்றன, காக்கி கல்லோடு கரைந்துவிடுகிறது.

சில இடங்களில் மற்றவரிடம் கேட்பதே வழி. தங்கள் குடும்பத்தைப் படமெடுத்துக்கொண்டிருப்பவரிடம் போய், “நான் உங்க எல்லாரையும் சேர்த்து ஒண்ணு எடுத்துத் தரட்டுமா அக்கா?” என்று நீங்கள் முதலில் உதவுங்கள், பிறகு கேட்கத் தயக்கம் இருக்காது. கைபேசியை வெறுமனே நீட்டாமல், ஆளில்லாமல் எடுத்து வைத்திருக்கிறீர்களே, அந்தப் படத்தைக் காட்டுங்கள்: “இதே மாதிரி வேணும், நான் இந்த ஓரத்தில் நிற்பேன், காலும் கலசமும் விழணும்.” பெரிய கோயிலில் பள்ளிச் சுற்றுலா வந்த ஒரு சிறுவனிடம் இப்படிக் காட்டியபோது, அவன் படத்தையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டென்று தரையில் முழங்காலிட்டு, கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸைத் தரையருகே கொண்டுபோனான். என் வீட்டுச் சுவரில் இப்போது இருப்பது அந்தப் படம்.

கைபேசியை நிறுத்திவிட்டு நாலு எட்டில் திரும்பி எடுக்க முடியாத தூரத்துக்குக் கூட்டத்தில் போகாதீர்கள். கடலுக்கு முதுகு காட்டி அலையோரப் பாறையில் நிற்பதையும் தண்டவாளத்தையும் எந்தப் படத்துக்காகவும் ஏற்காதீர்கள். தனியாகப் போகும் பெண்கள், தங்கியிருக்கும் ஊரின் படத்தை அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு பகிர்வது நல்லது.