மேற்படிப்பு நுழைவுத் தேர்வா? பாடத்துக்கு முன் விதியைப் படியுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எங்கே போனாலும் இறுதியாண்டு மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்பதுதான். புத்தகம் அப்புறம். மதிப்பெண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரியாமல் வாங்கிய புத்தகம் அலமாரிக்குத்தான் அழகு.

முதல் படி: சேர வேண்டிய இடத்தை முடிவு செய்யுங்கள், எந்தத் தேர்வு என்பதை அதுவே சொல்லிவிடும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு க்யூட் பிஜி. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஜாம், எம்.டெக். படிக்க கேட் (GATE). தமிழ்நாட்டில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட். அமெரிக்கா என்றால் ஜி.ஆர்.இ.; அங்கும் பல துறைகள் இப்போது அதைக் கேட்பதில்லை, விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலேயே முதுகலை போதும் என்பவர்களுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். இளங்கலை மதிப்பெண்ணை வைத்தே இடம் கொடுக்கிறார்கள்.

இரண்டாம் படி: அந்தத் தேர்வின் தகவல் கையேட்டைப் பதிவிறக்கி, மதிப்பெண் முறை உள்ள பக்கத்தைத் தேடுங்கள். பலரும் புரட்டாமல் விடும் பக்கம் அது. 2025 க்யூட் பிஜியில் 75 கேள்விகள், 90 நிமிடம்; சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், நான்கு முறையில் ஒரு முறை 4 வரும், மூன்று முறை 1 போகும். நிகரமாக 1 மிச்சம். ஆகவே அங்கே கேள்வியை வெறுமனே விடுவது நஷ்டம்.

கேட் தேர்வில் கதை வேறு. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 1 மதிப்பெண் கேள்வியில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். அதே கணக்கைப் போட்டால் மிச்சம் பூஜ்யம். ஒரு விடையையாவது நிச்சயமாகத் தள்ள முடிந்தால் மட்டுமே ஊகம் லாபம். எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்விகளிலும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை உள்ளவற்றிலும் கழிவே கிடையாது; அவற்றைக் காலியாக விட்டுவிட்டு எழுந்து வருவதை என்னால் மன்னிக்கவே முடியாது.

மூன்றாம் படி: பர்சன்டைல். 90 பர்சன்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினீர்கள் என்று பொருளல்ல. எழுதியவர்களில் 90 சதவீதம் பேர் உங்கள் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்று பொருள். வினாத்தாள் கடினமாக இருந்ததென்று அழ வேண்டியதில்லை, எல்லோருக்கும்தான் கடினம்.

நான்காம் படி: விண்ணப்பம். நெட் சென்டரில் நிரப்பினால் உங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும்தான் கொடுக்க வேண்டும். அவசரத்தில் கடைக்காரர் தம்முடையதைப் போட்டுவிட்டால், ஹால் டிக்கெட் வரும்போது ஓ.டி.பி.க்காக அவர் கடை வாசலில் நிற்க வேண்டியதுதான். மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கு, நம் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசு வடிவில் தனிச் சான்றிதழ் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் நாளாகும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ஐந்தாம் படி: தேர்வு நகரம். நம் பக்கத்தில் பலரும் போடுவது கோவை. ஊட்டியிலிருந்து ஏறக்குறைய 85 கி.மீ.தான், ஆனால் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் ஒரு லாரி நின்றுவிட்டால் தூரத்துக்கு அர்த்தமில்லை. வாயிற்கதவை மூடிய பிறகு யாரும் திறக்க மாட்டார்கள். முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதில் வேறு யோசனையே கூடாது.

கடைசிப் படியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மதிப்பெண் அட்டை வந்தால் இடம் வந்துவிடாது. க்யூட் எழுதியவர்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கேட் எழுதி எம்.டெக். போகிறவர்கள், என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. (CCMT) என்ற பொதுக் கலந்தாய்வில் பதிய வேண்டும், ஐ.ஐ.டி.கள் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பித்து, கிடைக்கும் இடத்தை ஏற்பதற்கான பொதுத் தளமான சி.ஓ.ஏ.பி.யிலும் (COAP) பதிய வேண்டும். இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டாலும் கேட் மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும், ஜி.ஆர்.இ. 5 ஆண்டுகளுக்கு. க்யூட் மதிப்பெண் அந்த ஆண்டோடு சரி.