விஸ்கஸ் ஃபேனை வீட்டில் கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சின் நீளவாக்கில் அமைந்த பல வண்டிகளில், ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் பெரிய விசிறி வாட்டர் பம்ப்பின் தண்டிலேயே ஒரு விஸ்கஸ் கிளட்ச் வழியாகப் பொருத்தப்பட்டிருக்கும். இதுவே விஸ்கஸ் ஃபேன். கிளட்ச்சின் முன்முகத்தில் இரு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள், ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடேறும்போது திரும்பி உள்ளே ஒரு வால்வைத் திறக்கிறது. அப்போது தேக்க அறையிலுள்ள கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இயங்கும் அறைக்குள் பாய்ந்து, தன் பிசுபிசுப்பால் விசிறியை இழுத்துச் சுழற்றுகிறது. இதைக் கழற்றும் வேலையில் விசிறி கெடுவது அரிது. அதை ஒட்டியிருக்கும் ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பின் பேரிங்கும் புல்லியும்தான் அடிபடுகின்றன. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த மூன்றையும் காப்பாற்றுவது பற்றியவையே.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே கை வைப்பது முதல் தவறு. விஸ்கஸ் ஃபேனோடு கூடுதலாக ஒரு மின்விசிறியும் உள்ள வண்டிகளில், சாவியை அணைத்த பிறகும் அது தானாகச் சுழலத் தொடங்கக்கூடும். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குவதே முறை.

அடுத்தது மரையின் திசையைப் பார்க்காமல் ஸ்பேனரை மாட்டுவது. வீட்டில் செய்பவர்கள் மிகுதியாகச் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். கிளட்ச்சின் பின்புறம் ஒரே பெரிய நட்டாக அமைந்து, பம்ப் தண்டில் நேரடியாகத் திருகப்பட்டிருக்கும் வடிவத்தில், பல வண்டிகளுக்கு இடது மரையே இருக்கும். பழைய ஆறு சிலிண்டர் பிஎம்டபிள்யூ எஞ்சின்களில் உள்ள 32 மி.மீ. நட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்னால் நின்று பார்க்கும்போது அதை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாதவர் வழக்கம்போல இடஞ்சுழியாக அழுத்த அழுத்த நட் மேலும் இறுகுகிறது. இறுகியதைக் கண்டு இன்னும் நீளமான குழாயை ஸ்பேனரின் வாலில் செருகுகிறார்.

திசையை ஊகிக்க வேண்டியதில்லை, காரணத்தோடு அறிந்துகொள்ளலாம். பம்ப் தண்டு சுழலும்போது, காற்றைத் தள்ள வேண்டியிருப்பதால் விசிறி சற்றுப் பின்தங்கப் பார்க்கிறது. அந்தப் பின்னிழுப்பு நட்டைத் தளர்த்தாமல் இறுக்கும்படியாகவே மரை வெட்டப்பட்டிருக்கும். ஆகவே விசிறி எந்தத் திசையில் சுழலுமோ, அதே திசையில் நட்டைத் திருப்பினால் அது கழலும். சுழலும் திசையைப் பெல்ட்டே காட்டிவிடும்: பள்ளம் வெட்டிய உட்புறம் பம்ப் புல்லியைச் சுற்றிச் சென்றால், பம்ப் கிராங்க் புல்லியின் (எஞ்சினின் முதன்மைத் தண்டின் முனையிலுள்ள புல்லி) திசையிலேயே சுழலும், வழவழப்பான முதுகுப்புறம் புல்லியைத் தொட்டுச் சென்றால், எதிர்த்திசையில் சுழலும். இப்படிக் கண்டறிந்ததை அந்த எஞ்சினுக்குரிய சர்வீஸ் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

எல்லா வண்டிகளிலும் ஒற்றை நட் இருக்கும் என்று கொள்வதும் தவறு. டொயோட்டாவின் பல எஞ்சின்களில், கிளட்ச் நான்கு சிறிய நட்டுகளால் புல்லியோடு சேர்த்தே பம்ப்பின் முகப்பில் பிணைக்கப்பட்டிருக்கும். அங்கே நான்கையும் எடுத்தால் புல்லியும் தளர்ந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று பெல்ட்டை முதலிலேயே கழற்றிவிடுபவர்கள் உண்டு. நட்டைத் திருப்பும்போது புல்லி கூடவே சுழலாமல் ஓரளவாவது பிடித்து நிறுத்துவது அந்தப் பெல்ட்டின் இழுவிசைதான். எனவே நட் முதல் அசைவு கொடுக்கும்வரை பெல்ட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அப்போதும் புல்லி வழுக்கினால், புல்லியின் போல்ட் தலைகளைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே விற்கப்படும் தட்டையான பிடிகருவியை வாங்குவதோ இரவல் பெறுவதோதான் சரி. ஸ்க்ரூடிரைவரை இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே செருகி நெம்பினால் மெல்லிய தகடாலான புல்லி வளைந்துவிடும். வளைந்த புல்லி பெல்ட்டை நாளடைவில் தின்றுவிடும். இதைவிட ஆபத்தானது விசிறியின் இறக்கைகளைக் கையாலோ கட்டையாலோ பிடித்து நிறுத்துவது. பிளாஸ்டிக் இறக்கையின் அடியில் விழும் மயிரிழை விரிசல் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்; ஆனால் வேகமாகச் சுழலும்போது அந்த இறக்கை பிய்ந்து ரேடியேட்டருக்குள்ளும் பானட்டுக்குள்ளும் பாய வல்லது. விரிசல் கண்ட விசிறியை எக்காரணம் கொண்டும் மீண்டும் பொருத்தக் கூடாது.

அளவு சரியில்லாத ஸ்பேனரால் இந்த நட்டைத் தொடவே கூடாது. நட் பெரும்பாலும் பெரிதாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால், அதற்கேற்ற மெல்லிய ஸ்பேனர் தேவை. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் குழாய் ரெஞ்ச்சும் அதன் மூலைகளை மழுக்கிவிடும். ஸ்பேனரை மாட்டிய பின் நிதானமாக அழுத்தினால், பெல்ட்டின் அடியில் புல்லி வழுக்கிக்கொண்டு சுழலுமே தவிர நட் அசையாது. ஸ்பேனரின் வால்பகுதியில் சுத்தியலால் சுருக்கென்று ஒரு தட்டு, தேவைப்பட்டால் இன்னும் ஓரிரு தட்டு, என்பதுதான் பலன் தரும் வழி. திசை சரியாக இருந்து, அப்படித் தட்டியும் நட் அசையவில்லை என்றால், பலத்தைக் கூட்டாமல் பிடிகருவியைத் தேடுங்கள்; தொடர்ந்து அடித்தால் அந்த அதிர்ச்சி அனைத்தும் பம்ப் பேரிங்கிற்கே போய்ச் சேரும். துரு எடுக்கும் எண்ணெயை மரையில் தெளிக்கலாம், ஆனால் பெல்ட்டைத் துணியால் மூடிய பிறகுதான்.

நட் தளர்ந்ததும் வரும் நிம்மதியில் பலர் ரேடியேட்டரை மறந்துவிடுகிறார்கள். கடைசிச் சுற்றில் விசிறியின் முழு எடையும் திடீரென்று கைக்கு வரும். நழுவினால் இறக்கையின் நுனி ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை நசுக்கி, குழாயையே ஓட்டையாக்கிவிடலாம். தொடங்கும் முன்பே ரேடியேட்டரின் அளவுக்குத் தடித்த அட்டை ஒன்றை வெட்டி, அதன் எஞ்சின் பக்கத்தில் இறக்கி வையுங்கள். செலவில்லாத இந்த அட்டையைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இடம் குறுகிய வண்டிகளில் ஃபேன் ஷ்ரவுட்டை, அதாவது விசிறியைச் சுற்றியுள்ள கூட்டை, கழற்றாமல் விசிறியை மட்டும் உருவ முயல்வதும் வீண். ஷ்ரவுட்டின் திருகுகளையும் கிளிப்புகளையும், அதில் மாட்டியிருக்கும் ஹோஸ்களையும் ஒயர்களையும் விடுவித்து, இரண்டையும் சேர்த்து மேலே தூக்க வேண்டும்.

வெளியே வந்த கிளட்ச்சைத் தரையில் படுக்கப் போடுவது சிறிய தவறாகத் தோன்றினாலும், அதன் விளைவு பெரிது. உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் இடம் மாறிக் கசியவும், பேரிங்கின் கிரீஸைக் கெடுக்கவும் வாய்ப்புண்டு. வண்டியில் நின்ற நிலையிலேயே, அதாவது இறக்கைகள் செங்குத்தாக இருக்கும்படி, சுவரில் சாய்த்து வையுங்கள். கிளட்ச்சின் முகத்தில் மையத்திலிருந்து வெளிநோக்கிச் சிதறிய எண்ணெய்க் கறை தெரிந்தால், அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். வாட்டர் பம்ப் தண்டை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்றும், பம்ப்பின் அடியிலுள்ள கசிவுத் துளையில் கூலன்ட் காய்ந்த தடம் இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். விசிறி இருக்கும்போது இந்த இடம் எளிதில் கண்ணுக்குப் படாது.

விசிறி வெளியே இருக்கும்போது, பக்கத்துத் தெருவரைதானே என்று வண்டியை ஓட்டக் கூடாது. நெரிசலில் நின்று நகரும்போது ரேடியேட்டருக்குக் காற்றை இழுத்துத் தருவது அந்த விசிறிதான்.

திரும்பப் பொருத்தும்போது மரையின் தொடக்கச் சுற்றுகளைக் கையால் மட்டுமே திருப்ப வேண்டும். எடையைத் தாங்கியபடி கோணலாகத் தொடங்கினால் மரை கடித்துக்கொள்ளும், பிறகு பம்ப்பையே மாற்ற நேரிடலாம். ஒற்றை நட் ஓடும்போது தானே இறுகும் இயல்புடையது என்பதால், கையேட்டில் உள்ள முறுக்குவிசையைத் தாண்டி இறுக்குவது அடுத்த முறை கழற்றுபவருக்கே தண்டனை. கிளட்ச்சிலிருந்து விசிறியைப் பிரித்திருந்தால், அதை முன்பின் மாற்றிப் பூட்டாதபடி பிரிக்கும் முன்பே பெயின்ட் குறி ஒன்று இட்டுக்கொள்ளுங்கள். இறக்கைகளைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பின் அட்டையை எடுத்துவிட்டு, பேட்டரியை இணைத்து எஞ்சினை இயக்குங்கள். அப்போது விசிறியின் சுழற்சித் தளத்திற்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.