பானை ஓடுகளை வைத்து ஒரு சமூகத்தைப் படிப்பது எப்படி? மைசீனியப் பானைகளோடு ஒரு பயிற்சி

வெண்கலக் காலக் கிரேக்கத்தின் மைசீனியர்கள் லீனியர் பி எழுத்தில் விட்டுச்சென்றது பெரும்பாலும் அரண்மனைக் கணக்குதான்: எத்தனை ஆடு, எவ்வளவு எண்ணெய். அரண்மனைகள் எரிந்ததும் எழுத்தும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்க நமக்கு மிஞ்சியவற்றில் முக்கியமானவை பானைகள்.

படி 1: வடிவத்தைப் பாருங்கள். கண் ஓவியத்தின் மேல்தான் போகும்; கொஞ்சம் பொறுங்கள். அகன்ற வாயுள்ள பெரிய கலம் கிரேட்டர், திராட்சை மதுவில் தண்ணீர் கலக்க. உயர்ந்த தண்டில் நிற்கும் இருகைப்பிடிக் கோப்பை கைலிக்ஸ், குடிக்க. நடுக்கழுத்து அடைபட்டு, பக்கத்தில் சின்ன மூக்கு வைத்திருந்தால் அது எண்ணெய் ஜாடி.

படி 2: எண்ணுங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். மைசீனியர்களின் பைலோஸ் அரண்மனையைத் தொல்லியலாளர் கார்ல் பிளெகன் தோண்டியபோது ஒரே அறையில் 2,853 கைலிக்ஸ்கள் கிடைத்தன. எல்லாம் நொறுங்கிக் கிடந்தன. பிறகு எப்படி எண்ணினார்கள்? தண்டுகளை வைத்து, ஒரு கோப்பைக்கு ஒரு தண்டுதானே! ஒரு குடும்பத்துக்கு இத்தனை கோப்பை எதற்கு? அரண்மனை ஊரைக் கூட்டி விருந்து வைத்திருக்கிறது. அங்கே கிடைத்த களிமண் ஏடுகளில் நிலம் வைத்திருந்த 'மன்னரின் குயவர்' ஒருவரும் வருகிறார்.

படி 3: பல ஊர்ப் பானைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுப் பானைகள் எந்த ஊரில் கிடைத்தாலும் அச்சில் வார்த்ததுபோல ஒத்திருக்கும். கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனைகள் விழுந்தபின் ஊருக்கொரு பாணி தலைகாட்டுகிறது. மைசீனி நகரைச் சுற்றிய ஆர்கோலிஸ் பகுதியில் இடைவெளியே விடாத நுணுக்கக் கோடுகள். கிரீட்டிலும் ஈஜியன் தீவுகளிலும் ஜாடி முழுக்கக் கை விரிக்கும் ஆக்டோபஸ். ஒரே மாதிரி இருந்தாக வேண்டும் என்ற மேலிடம் போய்விட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இதே காலத்தில் சக்கரத்தில் வனையாமல் கையால் செய்து மெருகேற்றிய முரட்டுப் பானைகளும் வருகின்றன. 'வெளியார் படையெடுப்பு!' என்று உடனே எழுதிவிடாதீர்கள். குடியேறிகள் கொண்டுவந்ததா, உள்ளூர்ப் பழக்கமா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

படி 4: இப்போது ஓவியம். ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள 'வீரர் கலம்' கி.மு. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முந்தைய கிரேட்டர்களில் அதிகம் வந்தது தேரில் போகும் பிரபுக்கள். இதில் கால்நடையாக, ஈட்டியில் பை தொங்க, வரிசையாகப் போகும் வீரர்கள். இடது ஓரத்தில் ஒரு பெண் கையை உயர்த்தி நிற்கிறாள்.

சரி, படி 1க்குத் திரும்புங்கள். இதுவும் மது கலக்கும் கிரேட்டர்தான். கிடைத்த இடம் மைசீனி நகரின் கோட்டைக்குள் ஒரு வீடு. அரண்மனை போன பிறகும் யாரோ ஒருவர் தன் வீட்டில் ஆள் சேர்த்து மது ஊற்றியிருக்கிறார்.